துண்டு வீசுமுன் பிடித்த மீன்

இங்கே நான் எழுதப்போவன யாவும் சரிபார்த்த செய்திகள் மட்டுமே. காரணம் எளியது. ஓய்வுபெற்ற அரசியல்வாதியின் நினைவு மேடைக்கு மேடை வளரும். மீன் பிடித்தவனின் நினைவு ஆளுக்கு ஆள் வளரும். நான் சொல்லப்போவதோ ஓர் அரசியல்வாதி மீன்பிடியில் மாட்டிக்கொண்ட கதை. இரண்டு வளர்ச்சியும் ஒன்று சேர்ந்தால் அந்தக் கண்மாயில் திமிங்கிலம் பிடித்ததாகவும் நான் எழுதிவிடக்கூடும்.

ஆகவே நானே கண்டதைக் கண்டேன் என்று எழுதுகிறேன். பிறர் சொன்னதைச் சொன்னவர் பெயரோடு எழுதுகிறேன். இருவர் இருவிதமாகச் சொன்ன இடங்களில் இரண்டையும் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். கண்மாயின் இரு கரையிலும் உள்ள ஊர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அடையாளத்துக்காக வடகரை, தென்கரை என்று வைத்துக்கொள்வோம். மனிதர்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவர்கள் பேசிய பேச்சை மட்டும் மாற்றவில்லை.

கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளை வேட்டிக்கு மாறியிருக்கும் இளைய நண்பர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் நீதிமன்றத்தில் கற்ற எல்லாம் அரசியலில் பயன்படும் என்று சிலர் சொல்வார்கள். ஒன்றுமே பயன்படாது என்று வேறு சிலர் சொல்வார்கள். இருவரையும் நம்பாதீர்கள்.

நான் முதன்முறை சட்டமன்ற உறுப்பினரானபோது பசுமலையில் அலுவலகம் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் ஓர் அம்மையார் வந்து, தங்கள் தெருமுனையில் பேருந்து நிற்பதே இல்லை என்றார். எனக்குள் இருந்த வழக்குரைஞன் உடனே எழுந்து நின்றான். எந்தப் பேருந்து, எந்தக் கிழமை, நீங்கள் கை காட்டினீர்களா, நிறுத்தத்துக்கு உள்ளே நின்றீர்களா வெளியே நின்றீர்களா, உடன் யார் இருந்தார்கள் என்று கேள்விகளை அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"ஏய்யா, பஸ்சு நிக்க மாட்டேங்குதுன்னு சொல்ல வந்தேன். நீங்க கேக்குற கேள்வியப் பாத்தா, நாந்தான் அந்தப் பஸ்சத் திருடிட்டுப் போனமாதிரியில்ல இருக்கு?"

அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். யார் தவறு என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் நீதிமன்றத்தில் வேலை முடிந்துவிடுகிறது. ஆட்சியில் அந்த விடை கிடைத்த பிறகும் பேருந்து நிற்காது. இதை அன்று அரைகுறையாகப் புரிந்துகொண்டேன். முழுமையாகப் புரிந்துகொள்ள நான் கண்மாய்ச் சேற்றில் விழ வேண்டியிருந்தது.

திருமங்கலத்துக்கு மேற்கே விரியும் சமவெளியில் ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. வடக்கே ஓர் ஊர். தெற்கே ஓர் ஊர். கோடையில் நீர் முழங்காலளவுக்கு இறங்கியதும் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறிப்பார்கள். சுற்றுவட்டாரமே திரண்டு வரும். ஊத்தா எனப்படும் மூங்கிற்கூடை, வலை, சல்லடை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு வருவார்கள். கரையில் நின்று ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டும்வரை ஒருவரும் நீரில் கால் வைக்கக் கூடாது. வீசிய பிறகு யாரும் யாரையும் தடுக்கக் கூடாது. பிடித்ததை விற்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழம்பு வைக்க வேண்டும். அன்று மாலை அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒரே மணம்தான்.

அந்தத் துண்டை வீசும் உரிமை எந்த ஊருக்கு என்பதுதான் வழக்கு.

வடகரைக்கு நான் வாதாடினேன். தென்கரைக்குக் கபூர் வாதாடினார். கபூர் மதுரைப் பழைய நகரில், தலைமுறைகளாகத் துணிக்கடை நடத்தும் குடும்பத்தில் பிறந்தவர். நீதிமன்றத்தில் எனக்கு எதிர்த்தரப்பு. பின்னாளில் அரசியலில் எதிர்க்கட்சி. மற்ற நேரமெல்லாம் நண்பர். நான் அவரை மாப்ள என்பேன். அவரும் என்னை மாப்ள என்பார். எங்களில் யார் மாமன் என்பது இன்றுவரை தீர்மானமாகவில்லை.

வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. இடைக்காலத் தடையால் மீன்பிடி நின்றுபோயிற்று. அந்த ஆண்டுகளில் இரண்டு ஊர்களும் தோற்றன. மீன்கள் மட்டும் வென்றன.

இதற்கிடையில் நான் அமைச்சரானேன். வழக்கை வேறொருவரிடம் ஒப்படைத்தேன். என் துறைக்கும் கண்மாய்களுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் வடகரையாருக்கு நான் 'நம்ம வக்கீல்'. தென்கரையாருக்கு 'அவுக வக்கீல்'. பதவியேற்பு உறுதிமொழி இதில் ஒரு மாற்றத்தையும் உண்டாக்கவில்லை.

கடைசியில் கபூரும் நானும் அவரவர் பக்கத்தில் பேசிப் பேசி ஓர் இணக்கத்துக்குக் கொண்டுவந்தோம். ஒரே துண்டு; அதன் ஒரு முனையை வடகரைப் பெரியவர் சீனிச்சாமி பிடிப்பார், மறுமுனையைத் தென்கரைப் பெரியவர் முத்திருளாண்டி பிடிப்பார்; இருவரும் சேர்ந்து வீசுவார்கள். நீதிமன்றம் இதை ஏற்றுப் பதிவு செய்தது.

வடகரையார் உடனே ஒப்பினார்கள். தென்கரையில்தான் சிக்கல். எதிரிக்கு வாதாடியவன் இப்போது அமைச்சர். இதில் ஏதோ சூது இருக்கிறது என்று இளைஞர்கள் எழுந்து நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் முத்திருளாண்டியின் தம்பி மகன் பாண்டி. ஊர்க்கூட்டத்தில் முத்திருளாண்டி சொன்னதாகக் கபூர் என்னிடம் கூறிய சொற்கள் இவை:

"இதுல ஏமாத்து ஏதாச்சும் நடந்துச்சுன்னா, இனிமே ஊர்க்கூட்டத்துல எனக்கு எடம் வேணாம்டா. நானா எந்திரிச்சு வீட்டு மூலையில போயி ஒக்காந்துக்கிறேன். போதுமா?"

அந்த மனிதர் தம் வாழ்நாள் மதிப்பை எங்கள் இணக்கத்தின்மேல் வைத்தார். அதை நான் அறிந்திருந்தேன். ஆகவே விழாவுக்கு அழைத்தபோது நிபந்தனைகளோடுதான் ஒப்புக்கொண்டேன். கட்சிக்கொடி கூடாது. பொன்னாடை கூடாது. துண்டை நான் தொட மாட்டேன். என் கட்சிக்காரர்கள் யார் தோளிலும் கட்சிக் கரை போட்ட துண்டு இருக்கக் கூடாது. துண்டு போட்டே தீர வேண்டுமென்றால் வெறும் வெள்ளைத் துண்டு போதும். இவ்வளவு நுணுக்கமாக நடுநிலை காத்தவன் வேறொருவன் இருக்க மாட்டான் என்று எனக்குள்ளேயே பாராட்டிக்கொண்டேன். துன்பம் அந்த நுணுக்கத்தின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது.

எங்கள் ஒன்றியச் செயலாளர் தவமணி நல்லவர், உழைப்பாளி. வரவேற்பு என்று வந்துவிட்டால் தம் உயிரையும் கொடுப்பார். அடுத்தவர் உயிரையும் எடுப்பார். எங்கள் கட்சிக்காரர்களிடம் ஒரு வேலைமுறை உண்டு. தலைவரின் வண்டி வந்து நின்றதும், தொலைவில் சரவெடியோடு காத்திருப்பவருக்குச் செயலாளர் தம் தோளிலிருக்கும் துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுழற்றிக் காட்டுவார். திரியில் தீ வைக்க அதுவே சைகை. கூட்ட இரைச்சலில் கைபேசிக் குரல் யார் காதிலும் விழாது என்பதால் இந்த முறை இன்னும் மாறவில்லை. கொடியைத் தடுத்தேன், பொன்னாடையைத் தடுத்தேன், வண்ணத்தைத் தடுத்தேன். வெடியைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை.

காலை வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரை நெடுகிலும் தலைகள். எல்லோர் கண்ணும் மடைக்கு மேலேயுள்ள கல்மேடையில். துண்டு அங்கிருந்துதான் வீசப்படும். தென்கரையார் தங்கள் கோயிலில் கும்பிட்டுவிட்டு, துண்டைத் தாம்பாளத்தில் வைத்து, மேளத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கரையின் தொலைவு வளைவில் தெரிந்ததை நான் கண்டேன். என் வண்டி நின்றது. இறங்கினேன். கூட்டத்தில் வேறெங்கும் நிற்க இடமில்லாமல் தவமணி அந்தக் கல்மேடையின்மேல் ஏறியிருந்தார். தோளிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்தார். தலைக்கு மேலே சுழற்றினார்.

வெடி வெடித்தது. அடுத்த கணம் கரையே சரிந்து கண்மாய்க்குள் விழுந்ததுபோல் இருந்தது. ஆணும் பெண்ணும் ஆயிரக்கணக்கில் நீருக்குள் பாய்ந்தார்கள்.

தவமணி துண்டைக் கையில் பிடித்தபடியே என்னிடம் ஓடிவந்தார்.

"அண்ணே! நான் வெடிக்காரனுக்குல்ல காட்டுனேன்!"

"தெரியுது, தவமணி."

"இவங்க எதுக்குண்ணே எறங்குறாங்க?"

நான் பதில் சொல்லுமுன் அவர் ஒலிபெருக்கியைக் கைப்பற்றிவிட்டார். "பெரியோர்களே, தாய்மார்களே! இது அந்தத் துண்டு இல்ல! இது வேற துண்டு! இது மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்காக வீசுன துண்டு!"

அதுவரை என்மேல் ஐயம் கொள்ளாதவர்களும் அப்போது ஐயம் கொண்டார்கள்.

காவல் ஆய்வாளர் அருகே வந்தார். "சார், உத்தரவு குடுங்க. கொஞ்ச நேரத்துல கண்மாயக் காலி பண்ணிருவோம்."

நான் நீரைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு பெண்கள். சேற்றில் கால் புதைந்து நிற்கும் முதியவர்கள். தடியோடு நாலு பேர் உள்ளே இறங்கினால் மிதிபட்டே பலர் விழுவார்கள். வேண்டாம் என்றேன். வருவாய்த்துறை அதிகாரி ஒருவர், மீன்பிடியையே ரத்து செய்துவிட்டதாக அறிவிக்கலாம் என்றார். அந்த இரைச்சலில் ஓர் அறிவிப்பு யார் காதில் ஏறும் என்பதை அவர் சொல்லவில்லை.

அதற்குள் தென்கரையார் வந்துசேர்ந்தார்கள். மேளம் நின்றது. கண்மாய்க்குள் நடப்பதைக் கண்டு அவர்கள் அப்படியே நின்றார்கள்.

"பெரியப்பா, அன்னைக்கே சொன்னேன்ல?" என்று பாண்டி கத்தினார். "வக்கீலு வேட்டி கட்டுனா நல்லவனாயிருவானா? அங்க பாரு. அவுக வீட்டுல இந்நேரம் மசாலாவே அரைச்சு வச்சிருப்பாக!"

மீனுக்காகக் கொண்டுவந்த கம்புகளை அவருக்குப் பின்னால் நின்ற இளைஞர்கள் பிடித்திருந்த விதம் மாறியது. அதை நான் கண்ணால் கண்டேன், மிகைப்படுத்தவில்லை.

கபூர் அவர்களோடுதான் வந்திருந்தார். என் அருகே வந்து, உதடு அசையாமல் பேசினார்.

"மாப்ள, கோர்ட்டுல அம்புட்டு வருசம் முட்டி மோதியும் கெடைக்காதத, ஒத்தத் துண்டுல முடிச்சிட்டியே. சபாஷ்!"

"வெடிக்கு வீசுனதுடா, மாப்ள."

"தெரியும். தவமணிய எனக்குத் தெரியாதா? ஆனா அத நம்புற ஆளு இந்தக் கரையிலயே நான் ஒருத்தன்தான். நானும் எதிர்க்கட்சி."

அப்போதும் எனக்குள் இருந்த வழக்குரைஞன் அடங்கவில்லை. முத்திருளாண்டியிடம் போனேன். உள்நோக்கம் இல்லை, சைகை வெடிக்காரருக்கானது, வெள்ளைத் துண்டு என்பது என் நிபந்தனையால் வந்தது என்று ஒழுங்காக எடுத்துரைத்தேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நான் பேசி முடிக்கும்வரை அவர் கேட்டார். கோபப்படவில்லை.

"ஒண்ணும் வேணாம்ய்யா. நீங்க நல்லா இருங்க. நாங்க போறோம்."

நண்பர்களே, இந்த 'ஒண்ணும் வேணாம்' என்ற சொல்லுக்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும். கத்துகிறவருக்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது, அவரோடு பேசலாம். ஒன்றும் வேண்டாம் என்பவர் உங்களை முடித்துவிட்டார். அவர் தாம்பாளத்திலிருந்த துண்டை எடுத்து மேலும் சிறிதாக மடித்தார். அப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. தம் ஊராரையும் பார்க்கவில்லை. அன்று மாலையே ஊர்க்கூட்டத்தில் தம் இடத்தை விட்டு எழுந்துவிடுவார் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்பதால்தான் அந்த ஊர் அவர் பேச்சைக் கேட்டது. அதே குணம் இப்போது அவரையே வெளியேற்றப் போகிறது. அவர் போய்விட்டால் பாண்டியையும் அந்தக் கம்புகளையும் தடுக்கக் கரையில் யாரும் இல்லை.

விளக்கம் சொல்வதை அங்கேதான் நிறுத்தினேன். யார் தவறு என்பது இனி ஒருவருக்கும் உதவாது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு இல்லாத ஏதாவது ஒன்று உண்டா? அத்தனை ஆண்டு வழக்கையும் மனத்துக்குள் புரட்டினேன்.

"மாப்ள," என்றேன் கபூரிடம், "கேஸுல ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்டது ஒண்ணே ஒண்ணு இருந்துச்சுல்ல?"

கபூர் கண்ணை மூடித் திறந்தார். "துண்டு வீசுமுன்ன எவன் மீன் புடிச்சாலும்..."

"...அந்த மீனு கண்மாய்க்கே சொந்தம். திருப்பி விட்டுறணும்."

"யா அல்லா! நீயும் எழுதிக் குடுத்த, நானும் எழுதிக் குடுத்தேன்!"

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட செய்திக்குச் சான்று தேவையில்லை என்பது நீங்கள் சட்டக் கல்லூரியில் படித்ததுதான். தவமணி வீசியது எந்தத் துண்டு என்று இனி யாரும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இரு பெரியவர்களும் சேர்ந்து வீசும் துண்டுதான் துண்டு என்று நீதிமன்றத்தில் பதிவாகியிருக்கிறது. அது இன்னும் முத்திருளாண்டி கையில் மடித்தபடியே இருக்கிறது. ஆகவே மீன்பிடி இன்னும் தொடங்கவே இல்லை.

ஆனால் இதை யார் சொல்வது? என் வாயிலிருந்து வந்தால் அது அரசாங்கம் மக்களின் மீனைப் பறிப்பது. ஆய்வாளர் வாயிலிருந்து வந்தால் அது அச்சுறுத்தல். கபூர் சொன்னால் எதிர்க்கட்சியின் சூழ்ச்சி. சீனிச்சாமி சொன்னால் மட்டும்தான் அது ஊர் வழக்கம்.

"உங்க சீனிச்சாமி எங்க?" என்றார் கபூர்.

கரையில் தேடினோம். மடை மேடையருகே அவருடைய செருப்பு இருந்தது. செருப்பு மட்டும்தான் இருந்தது.

வேறு வழியில்லை. நானும் செருப்பைக் கழற்றினேன். ஆய்வாளர் தடுத்தும் கேளாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினேன். மதுரை நீதிமன்றங்களில் நான் எத்தனையோ வழுக்கலான இடங்களைக் கடந்தவன். கண்மாய்ச் சேறு அவற்றில் சேராது. சில அடி போவதற்குள் முகம் குப்புற விழுந்தேன். என்னைத் தூக்கிவிட வந்த கபூர் எனக்குப் பக்கத்திலேயே விழுந்தார். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து விழுந்ததைக் கண்டு கரை முழுதும் எழுந்த சிரிப்பை நான் கேட்டேன். அப்போது முத்திருளாண்டியும் சிரித்தார் என்கிறார் கபூர். என் முகம் சேற்றுக்குள் இருந்தபடியால் அதை நான் உறுதிசெய்ய இயலாது. எழுந்து திரும்பிப் பார்த்தபோது, போகிறோம் என்று சொன்ன அவர் இன்னும் போகாமல் நின்றார். அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

சீனிச்சாமி நடுக்கண்மாயில் இருந்தார். பெரிய விரால் மீன் ஒன்றைக் கைக்குழந்தையைப்போல் மார்போடு அணைத்திருந்தார். முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி.

"வாங்க வக்கீலய்யா! எம்புட்டுப் பெருசுன்னு பாத்தீகளா?"

"சீனிச்சாமிண்ணே, துண்டோட ஒரு முனைய நீங்கதான புடிக்கணும்?"

"ஆமா."

"புடிச்சீங்களா?"

"இல்ல."

"பெறகு எப்படி எறங்குனீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். விராலும் அவர் கையில் கொஞ்சம் துள்ளியது.

"அம்புட்டுப் பேரும் எறங்குறப்ப நான் மட்டும் கரையில நின்னு என்னய்யா செய்ய?"

என் தொழில்வாழ்வில் குறுக்கு விசாரணைக்கு இவ்வளவு நேர்மையான விடையை நான் பெற்றதில்லை.

கபூர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, தென்கரைக்காரவுக திரும்பிப் போறோம்னு நிக்கிறாங்க."

சீனிச்சாமியின் முகம் மாறியது. "முத்திருளாண்டி மாமாவுமா?"

"அவருதான் மொதல்ல சொன்னாரு. ஊர்க்கூட்டத்துல இனி ஒக்கார மாட்டாராம்."

சீனிச்சாமி கரையைப் பார்த்தார். "சரி. இத வீட்டுல குடுத்துட்டு வாரேன்."

"அண்ணே, அதுதான் பிரச்சினையே," என்றேன். "துண்டு இன்னும் வீசல."

அவருக்குப் புரிந்துவிட்டது. விராலைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். சொல்லுவதற்கு என்னிடம் நிறைய வாதங்கள் இருந்தன, கபூரிடமும் இருந்திருக்கும். இருவரும் பேசவில்லை. இரண்டு வழக்குரைஞர்கள் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றதை நான் கண்டது அந்த ஒரு முறைதான். அந்த மீன் அவர் பிடித்தது. அதை விடுவதா வேண்டாமா என்பதும் அவருடைய முடிவாகவே இருக்க வேண்டும்.

அவர் கரையை நோக்கி நடந்தார். விராலை மறைக்கவில்லை, எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்தே போனார். நீரின் ஓரத்தில் நின்று, மேலே நின்ற முத்திருளாண்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"மாமா, அவசரப்பட்டுட்டோம். துண்டு ஒங்க கையிலதான் இருக்கு. இன்னும் வீசல."

சொல்லிவிட்டுக் குனிந்து கைகளை விரித்தார். விரால் ஒரு சுழற்று சுழன்று போயிற்று. பிறகு தம் ஊராரின் பக்கம் திரும்பி, ஒலிபெருக்கி இல்லாமலே குரல் கொடுத்தார்.

"வடகரைக்காரவுக அம்புட்டுப் பேரும் மேல ஏறுங்க! புடிச்சத விட்டுட்டு ஏறுங்கப்பா! துண்டு இன்னும் வீசல!"

"ஒங்களுக்கென்ன, ஒத்த மீனு!" என்று நீருக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினார். "நான் கூடையோடல்ல கவுக்கணும்!"

"கவுத்து விடு ஆத்தா! இந்தா, நானே விட்டுட்டேன்ல!"

அந்தப் பெண் திட்டிக்கொண்டே கவிழ்த்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். சொல் ஆளுக்கு ஆள் பரவியது. வடகரையார் ஏறத் தொடங்கியதும் வெளியூர்க்காரர்களும் ஏறினார்கள். ஆய்வாளரின் ஆட்கள் தடியை வைத்துவிட்டு, சேற்றில் சிக்கிய முதியவர்களைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்கள். எல்லோரும் பிடித்ததை எல்லாம் விட்டார்கள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. பெரும்பாலோர் விட்டார்கள். சிலருடைய சேலைத் தலைப்புகளும் சட்டைப் பைகளும் கரையேறிய பிறகும் துடித்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன், பார்க்காததுபோல் இருந்துவிட்டேன். ஆட்சியில் அதுவும் ஒரு முடிவுதான்.

முத்திருளாண்டி துண்டை விரித்தார். ஒரு முனையைச் சீனிச்சாமியிடம் நீட்டினார். வீசப்போகும் நேரத்தில் நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எங்கய்யா அந்த வெடிக்குத் துண்டு வீசுனவரு?"

தவமணி தலைகுனிந்து முன்னால் வந்தார்.

"தம்பி, ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நில்லு."

"சரிங்கய்யா."

"மூக்கு அரிச்சாலும் எடுக்கக் கூடாது."

இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தன. பாண்டி சிரிக்கவில்லை. அவர் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது காற்றில் எழுந்ததும் நீருக்குள் முதலில் குதித்தவரும் அவர்தான்.

அன்று நான் செய்தது மிகக் குறைவு என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உத்தரவு எதுவும் இடவில்லை. ஓர் உத்தரவைத் தடுத்தேன். ஓர் ஆளைத் தேடிப்போனேன். அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். சரியான சொல் ஏற்கெனவே அங்கே இருந்தது. அதைச் சொல்வதற்குரிய வாய்தான் நீருக்குள் இருந்தது. நெருக்கடியில் எதைச் சொல்வது என்று எல்லோரும் யோசிப்பார்கள். யார் சொன்னால் அது நிற்கும் என்பதையும் நீங்கள் யோசியுங்கள். உங்கள் பதவி பெரும்பாலான வேளைகளில் அந்த ஆளாக உங்களை இருக்க விடாது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. போய் அழைத்துவரக் கால்கள் இருக்கின்றன.

சட்டம் பயன்படவில்லை என்றும் எண்ணிவிடாதீர்கள். அந்த ஒப்புதல் வழக்கேடுகளில் இருந்தது கபூருக்கும் எனக்கும் நினைவிருந்தபடியால்தான் எங்களுக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது. ஆனால் நான் முத்திருளாண்டியிடம் எடுத்துரைத்த உண்மையான விளக்கம் நிலைமையை ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. உண்மைக்கும் அதற்குரிய நேரம் உண்டு. தவமணி சொன்னது உண்மையே என்று பாண்டி ஏற்றுக்கொண்டது பின்னொரு நாளில். கோயில் விழாவொன்றில் தவமணி அதே பழக்கத்தில் துண்டைச் சுழற்ற, வெடி வெடித்ததைத் தம் கண்ணால் கண்ட பிறகுதான் ஏற்றார். "அட, நெசமாத்தான்யா!" என்றாராம். இது தவமணி சொன்னது; பாண்டியும் மறுக்கவில்லை.

இனி, எனக்குத் தெரியாதவை. கண்மாய்க்குள் திரும்பாமல் அன்று எவ்வளவு மீன் வீடு போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. சீனிச்சாமி விட்ட விரால் பிறகு யார் கையில் சிக்கியது என்பதும் தெரியாது. வடகரையில் கேட்டால் தென்கரை என்கிறார்கள், தென்கரையில் கேட்டால் வடகரை என்கிறார்கள். அந்த வழக்கு இன்னும் நீதிமன்றத்துக்கு வரவில்லை.

இவற்றைவிட முக்கியமான ஒன்றும் எனக்குத் தெரியாது. நாங்கள் கண்மாயில் இறங்கியபோது முத்திருளாண்டியிடம் எங்கள் எண்ணத்தைச் சொல்லவில்லை. நில்லுங்கள் என்று யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. போகிறோம் என்று சொன்ன சொல்லை வேறு எப்போதும் மாற்றாத மனிதர், அன்று ஏன் நின்றார்? அவர் நில்லாதிருந்தால் சீனிச்சாமி வந்து நின்ற இடத்தில் கேட்பதற்கு ஆளே இருந்திருக்காது. அவரையே நேரில் கேட்டிருக்கிறேன். ஒருமுறைக்கு மேலேயே கேட்டிருக்கிறேன்.

"மீன் கொழம்பு திங்கணும்போல இருந்துச்சுய்யா. நின்னுட்டேன்," என்பார் ஒவ்வொரு முறையும்.

அந்த வாக்குமூலத்தை ஏற்க எனக்கு மனமில்லை. மறுக்கச் சான்றும் இல்லை.